ஒற்றிக்காணியில் ஒரு பாடம்

"அந்தக் காணி ஒற்றியிலை கிடக்கு" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால் கேட்பவருக்கு விளக்கம் தேவையில்லை. காசு தேவைப்பட்டவர் தன் காணியைக் கடன் தந்தவரிடம் ஒப்படைத்துவிடுவார். கடன் தந்தவர் அதில் வெங்காயம் வைக்கலாம், புகையிலை நடலாம், தேங்காய் பிடுங்கலாம். விளைவது எல்லாம் அவருக்குத்தான். வட்டி என்று ஒரு சதமும் கேட்பதில்லை. முதலைத் திருப்பிக் குடுத்தால் காணி திரும்பி வரும்.

இது நேற்று வந்த வழக்கமில்லை. யாழ்ப்பாணத்து வழமைகளை எழுதி வைக்க வேண்டும் என்று ஒல்லாந்தர் 1706இல் முடிவெடுத்தபோது, அந்த வேலை கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியிடம் போனது. அவர் தொகுத்ததைத் தமிழில் பெயர்த்து, 12 முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. ஒற்றி அதில் விரிவாகவே இருக்கிறது. 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றார்கள். சீதனமும் முதுசமும் பற்றித்தான் தேசவழமையில் நாங்கள் வழக்கமாகக் கதைப்போம். கடன் பற்றி அது சொல்வதை வாசிப்பவர்கள் குறைவு.

சரி, விளைச்சலை எடுப்பது வட்டியா, இல்லையா?

கேட்டால் சின்னக் கேள்வி. ஆனால் இஸ்லாமிய நிதி என்ற முழுப் பாடமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கடனோடு நிபந்தனையாக வரும் எந்த நன்மையும் ரிபா, அதாவது தடுக்கப்பட்ட வட்டி என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் நிலைப்பாடு. அப்படிப் பார்த்தால் ஒற்றி கூடாது. தமிழ்நாட்டில் 'ஒத்திக்கு வீடு' எடுப்பது ஆகுமா என்று ஆலிம்களிடம் இன்றும் கேள்வி போய்க்கொண்டிருப்பது இதனால்தான். மத்திய ஆசியாவிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன் இதே சிக்கல் வந்தது. புகாரா, சமர்கந்துப் பக்கத்து ஹனபி அறிஞர்கள், திருப்பி வாங்கும் நிபந்தனையோடு காணியை 'விற்கும்' ஒரு முறையை, மக்களுக்கு வேறு வழியில்லை என்று கண்டு அனுமதித்தார்கள். பைஉல் வபா என்று அதற்குப் பெயர். புகாராவில் இருந்த தோட்டக்காரனுக்கும் எங்கட ஊர்த் தோட்டக்காரனுக்கும் கஷ்டம் ஒன்றுதான் போல.

இந்தப் பழைய விவாதத்தை நவீன பொருளியலாக்கிப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு இந்தியர். முகம்மது நெஜாதுல்லாஹ் சித்தீக்கி 1931இல் கோரக்பூரில் பிறந்தார். இளவயதில் ராம்பூரில் மார்க்கக் கல்வி கற்றார், பிறகு அலிகாரில் பொருளியல் படித்தார். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வு வட்டியைப் பற்றியது அல்ல; இலாபம் பற்றிய கோட்பாடுகளைப் பற்றியது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வட்டி கூடாது என்று சொல்லிவிட்டுப் போக ஆயிரம் பேர் இருந்தார்கள். இலாபம் எதற்காக ஒருவருக்குப் போகிறது, நட்டத்தை யார் சுமக்கிறார் என்று கேட்டுத் தொடங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

1969இல் உருதுவில் வந்து பின்னர் ஆங்கிலத்திலும் வெளியான அவருடைய வட்டியில்லா வங்கி பற்றிய நூலின் யோசனை எளிமையானது. வைப்பிலிடுபவர் வங்கியின் பங்காளி, வங்கி தொழில் செய்பவரின் பங்காளி. இலாபம் வந்தால் பேசிய விகிதத்தில் பிரிப்பது, நட்டம் வந்தால் முதல் போட்டவர் ஏற்பது. முழாரபா என்பார்கள். கரைவலைச் சம்மாட்டியும் தொழிலாளரும் பிடிபட்ட மீனைப் பங்கு பிரிப்பதையும், வயலை வாரத்துக்கு விடுவதையும் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இது ஒன்றும் அந்நியமான பொருளியல் இல்லை.

1976இல் மக்காவில் இஸ்லாமியப் பொருளியல் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு நடந்தது. அதற்காக சித்தீக்கி அதுவரை வந்த எழுத்துகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார். அரபு, உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகள். தமிழ் அதில் இல்லை. 1978இல் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 1982இல் மன்னர் பைஸல் பரிசு கிடைத்தது. துறை வளர்ந்தது, வங்கிகளும் வளர்ந்தன.

வங்கிகள் வளர்ந்த விதம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. பங்காளியாக நட்டத்தைச் சுமக்க வங்கிகளுக்கு மனமில்லை. அவை முராபஹாவுக்குப் போயின: ஓட்டோவை வங்கி பத்து இலட்சத்துக்கு வாங்கி உங்களுக்குப் பன்னிரண்டு இலட்சத்துக்குத் தவணையில் விற்கும். அதற்கும் அடுத்த படி தவர்ருக். தேவையே இல்லாத ஒரு உலோகத்தைக் கடனுக்கு வாங்கி, உடனே வேறொருவருக்கு விற்று, காசை எடுத்துக்கொண்டு போவது. உலோகம் களஞ்சியத்தை விட்டு அசையாது. கையிலே இப்போது காசு, பிறகு கூடுதலாகக் கட்ட வேண்டும். இதை வட்டி இல்லை என்று சொல்ல மிகுந்த துணிச்சல் வேண்டும்! 2007இல் சித்தீக்கி இதற்கெதிராக ஒரு கட்டுரை எழுதினார். இது கடனைப் பெருக்கும், சமூகத்துக்கு இதனால் வரும் கேடு நன்மையைவிடப் பெரியது என்று பொருளியல் கணக்கிலேயே வாதிட்டார். வாழ்நாள் முழுக்கக் கட்டிய வீட்டின் அத்திவாரத்தில் வெடிப்பு இருக்கு என்று கட்டியவரே சொல்லுவது லேசில்லை. 2022இல் காலமானார்.

அவர் பிறந்த நாட்டில், ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா நிதியையும் வங்கி முறைக்குள் அனுமதிக்கப் பரிந்துரைத்தது. 2017இல் ரிசர்வ் வங்கி அதைக் கைவிட்டது. இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. இந்தத் துறையில் தமிழ் பேசும் ஆய்வாளர்களின் கட்டுரைகள் இன்று பெரும்பாலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. போரால் முஸ்லிம் மாணவர்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாத நிலையில் 1995இல் தொடங்கிய இடம் அது.

யாழ்ப்பாணத்திலும் இதைப் படிப்பிக்கக்கூடியவர்கள் உருவாகியிருக்கலாம். இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துவிலும் படித்தவர். அவர் மறைந்த பிறகு, 1980இல், யாழ் பல்கலைக்கழகம் தன் முதலாவது பட்டமளிப்பில் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. பத்து வருடம் கழித்து, 1990 ஒக்ரோபர் 30, அவருடைய ஊர்ச் சனத்தை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னார்கள் புலிகள். நகையும் காசும் பறிக்கப்பட்டன. வடக்கு முழுவதிலும் ஏறக்குறைய 75,000 பேர். வட்டி பற்றியும் காணி பற்றியும் தங்கள் மார்க்கம் சொல்வதையும் தேசவழமை சொல்வதையும் ஒரே ஊரில் வாழ்ந்து சேர்த்துப் பார்க்கக்கூடிய சமூகம் புத்தளத்து முகாம்களுக்குப் போனது. ஒரு பாடம் ஏன் இங்கே வளரவில்லை என்று கேட்டால், பதிலை விரிவுரை மண்டபத்துக்குள் மட்டும் தேட ஏலாது.

ஒற்றிக்குத் திரும்புவோம். சித்தீக்கியின் கேள்வியை அதன்மேல் போட்டுப் பார்த்தால் ஆலிமின் தீர்ப்பும் தெரியாத, நொத்தாரிசின் உறுதியிலும் தெரியாத ஒன்று தெரிகிறது. மழை பொய்த்து வெங்காயம் கருகினால் அந்த வருடம் நட்டம் கடன் தந்தவருக்குத்தான். முதல் பத்திரம், ஆனால் விளைச்சல் உறுதியில்லை. ஆக அது முழு வட்டியுமில்லை, முழுப் பங்காளித்தனமுமில்லை. கெட்ட பக்கம் வேறு: காணியைக் குடுத்தவர் அதை மீட்க உழைக்கிற வழியையும் சேர்த்துக் குடுத்துவிடுகிறார். அதனால்தான் பல ஒற்றிகள் கடைசியில் அறுதியாகப் போகின்றன.

இப்ப இதே கேள்வியை 2009க்குப் பிறகு ஏ9 வீதியால் வந்த நுண்கடன்களிடம் கேட்டுப் பாருங்கோ. ஆடு செத்தால், கடை எரிந்தால், புருசன் படுக்கையில் விழுந்தால், கிழமைக்கிழமை கட்ட வேண்டிய காசு ஒரு ரூபாவும் குறையாது. 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் வருட வட்டி 220% வரை போவதாகச் சொன்னார். அதே வருடம் அரசாங்கம் 35% என்று உச்சவரம்பு வைத்தது. மாலை நேரத்தில் வீட்டு வாசலில் வந்து குந்தியிருக்கும் வசூல்காரரிடம் எந்தப் பெண்ணும் சதவீதம் பேசினதில்லை. அடுத்த கிழமை மட்டும் பொறுக்கச் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள்.