‘ட்வீட்’ என்ற சொல்லின் உரிமை

ட்விட்டர் 2006-இல் தொடங்கியபோது, அதில் எழுதப்படும் குறுஞ்செய்திக்கென்று தனிப்பெயர் எதுவும் இல்லை. நிறுவனம் அதை ‘அப்டேட்’ என்றே குறிப்பிட்டு வந்தது. 2007 ஜனவரியில் ஐகன்ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் மேக் கணினிக்காக ‘ட்விட்டரிஃபிக்’ செயலியை வெளியிட்டது. ‘ட்வீட்’ என்ற சொல் அந்தச் செயலியின் வழியாகத்தான் பரவியது. ட்விட்டருக்குப் பறவையைச் சின்னமாக முதலில் வைத்ததும் அதுவே. பிற்பாடு தமிழில் எழுதியவர்கள் அந்தச் சொல்லைக் ‘கீச்சு’ ஆக்கிக்கொண்டார்கள்.

ட்விட்டர் தன் ஏபிஐ-யை, அதாவது பிற செயலிகள் அதனோடு இணைவதற்கான வழியை, வெளியாருக்குத் திறந்து வைத்திருந்ததால் செயலிகள் பெருகின. ட்வீட்டி, ட்வீட்டெக், ஊபர்ட்விட்டர், ட்விட்ராய்ட் எனப் பெயரிலேயே உறவு தெரிந்தது. தனித்தனியாக உழைத்த சிறு நிரலாளர்களுக்கு விளம்பரம் செய்யப் பணமில்லை; எதற்கான செயலி என்பதைப் பெயர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

2009-இல் ‘ட்வீட்’ என்பதைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ட்விட்டர் விண்ணப்பித்தது. நிரலாளர்களிடையே கலக்கம் எழவே, நிறுவனர்களில் ஒருவரான பிஸ் ஸ்டோன் ஜூலையில் விளக்கம் தந்தார்: ‘ட்வீட்’ என்பதைப் பயன்படுத்தும் நல்ல செயலிகள் மீது பாயும் எண்ணமில்லை, ஆனால் ‘ட்விட்டர்’ என்ற சொல்லையே பெயரில் சேர்ப்பது நிறுவனத்துக்கு அவ்வளவு உவப்பில்லை.

இப்படி உரிமை கோருவதற்குச் சட்டக் காரணம் உண்டு. பிறர் பயன்படுத்துவதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சின்னம் பொதுச்சொல்லாகிவிடக்கூடும். ஓட்டிஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த ‘எஸ்கலேட்டர்’ என்ற சொல் பொதுச்சொல்லாகிவிட்டதால் 1950-இல் அமெரிக்காவில் கைநழுவியது. ஆனாலும், பிறர் வளர்த்துத் தந்த சொல்லைப் பிறகு வந்து வேலியிடுவதை அந்தக் காரணம் முழுக்க நியாயப்படுத்திவிடாது.

பதிவும் எளிதாகக் கிடைக்கவில்லை. ட்விட்டேட் என்ற விளம்பர நிறுவனம் ‘ட்வீட்ஸ்’ என்ற சொல் வரும் விளம்பர வாசகத்தை ஏற்கெனவே பதிவு செய்திருந்தது. 2011 செப்டம்பரில் ட்விட்டர் அதன் மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே சமரசமாகி, அந்தச் சின்னம் ட்விட்டரின் கைக்கு வந்தது.

வெளியார் செயலிகள் மீதான பிடி அதற்கு முன்பே இறுகியிருந்தது. 2011 பிப்ரவரியில் ட்விட்ராய்டையும் ஊபர்ட்விட்டரையும் ட்விட்டர் முடக்கியது. இரண்டும் ஊபர்மீடியா நிறுவனத்தின் கையில் இருந்தவை. சொல்லப்பட்ட காரணங்களில் வணிகச் சின்ன மீறலும் ஒன்று. சில நாள்களில் தடை நீங்கியது. ஊபர்ட்விட்டர் ‘ஊபர்சோஷியல்’ ஆனது. கைப்பேசியில் அன்றாடம் தொட்ட செயலி ஒரே இரவில் ஓய்ந்ததைப் பார்த்த பயனர்களுக்கு, பெயருக்குப் பின்னால் இருந்த அதிகாரம் அப்போதுதான் தெரிந்தது.

2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ‘ட்வீட்’ என்பதற்கு ட்விட்டர் செய்தி என்ற புதிய பொருளைச் சேர்த்தது. 2023 ஜனவரியில் வெளியார் செயலிகளுக்கான வழியை ட்விட்டர் அடைத்தது. சொல்லைப் பரப்பிய ட்விட்டரிஃபிக்கும் அதோடு நின்றது. அந்த ஆண்டு ஜூலையில் நிறுவனமே ட்விட்டர் என்ற பெயரைக் கைவிட்டு ‘எக்ஸ்’ ஆனது. ‘ட்வீட்’ என்று இருந்த பொத்தானில் ‘போஸ்ட்’ என்று எழுதப்பட்டது.