கிரைஸ்லர் ஏ-பாடி கார்கள்: பழுதறிதலும் பழுதுபார்த்தலும்

ஏ-பாடி என்பது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1960 முதல் 1976 மாடல் வரை செய்துவந்த சிறிய பின்சக்கர இயக்கக் கார் வரிசையின் பெயர். 1960இல் தனிப் பெயரில் வெளிவந்த வேலியன்ட் அடுத்த ஆண்டே பிளிமத் குடும்பத்தில் சேர்ந்தது. டாட்ஜ் டார்ட் 1963இல் இந்த வரிசைக்குள் வந்தது. முதல் தலைமுறை பாரக்குடாக்களும் 1970இல் வந்த டஸ்டரும் இதே வார்ப்புதான். ‘சிறிய’ என்பது அமெரிக்கக் கணக்கு: 1963 டார்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 111 அங்குலம், நம் அம்பாசடருக்கு 97. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த பழைய பிளிமத், டாட்ஜ் கார்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இவற்றை அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை முந்தைய தலைமுறை; இன்ஜினே வேறு.

எளிய அமைப்புக்கும் நீண்ட ஆயுளுக்கும் பெயர்பெற்ற இந்தக் கார்களில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. ஆனால் இவற்றைப் பழுதுபார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கிரைஸ்லர் வெளியிட்ட சர்வீஸ் மேனுவல்கள் அருமையானவை. டீலர்களின் மெக்கானிக்குகளுக்கு ‘டெக்’ என்ற கார்ட்டூன் பாத்திரத்தை வைத்துப் பாடப்படங்கள்கூடத் திரையிட்டார்கள். அத்தனையும் ஐந்தாறு வயதுக் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாகம் தேய்ந்தால் என்ன செய்வது என்று அவை சொல்லும். வயர் முனை ஐம்பது ஆண்டு பச்சை பூத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று அவற்றை எழுதியவர்கள் யோசித்திருக்க வழியில்லை. இன்று பட்டறைக்கு வரும் ஏ-பாடியில் தேய்மானத்தைவிட மூப்புதான் பெரிய நோய். அதற்கு அடுத்தது, முந்தைய சொந்தக்காரர்கள் செய்த ‘ரிப்பேர்’.

தொடக்கச் சோதனை

இன்ஜின் ஓடாவிட்டால் பார்க்க வேண்டியவை மூன்று: கம்ப்ரஷன், தீப்பொறி, பெட்ரோல். வரிசையும் இதுதான். பலர் தலைகீழாகத் தொடங்கி முதலில் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். காரணம் எளிது, மூடியைத் திறந்தால் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். கார்புரேட்டர் கோளாறு என்று முடிவுகட்டப்பட்டவற்றில் பெரும்பங்கு கடைசியில் பாயின்ட்டிலோ கண்டென்சரிலோ போய் முடியும்.

கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி அளந்தால் பாதி விடை கிடைத்துவிடும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. வேக்குவம் கேஜ் இன்னும் நன்றாகப் பேசும். சும்மா ஓடும் நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நிற்கும். சீரான இடைவெளியில் சுண்டினால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. விலை மலிவான இந்தக் கருவியைப் பலர் மறந்தே போனார்கள்.

கீயை விட்டதும் நிற்கும் இன்ஜின்

இந்தக் கார்களுக்கே உரிய அறிகுறி ஒன்று உண்டு. கீயைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுழலும்வரை இன்ஜின் பற்றிக்கொண்டு ஓடும். கையை எடுத்த கணம் நின்றுவிடும். இதற்குக் காரணம் பெரும்பாலும் பேலஸ்ட் ரெசிஸ்டர். உள்ளறைக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரில் திருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டி அது. பாயின்ட் உள்ள கார்களில் அதன் தடை ஏறத்தாழ அரை ஓம்.

அதன் வேலை காயிலுக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்துவது. இல்லாவிட்டால் காயிலும் பாயின்ட்டும் சீக்கிரம் கருகும். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும், ஸ்டார்ட்டர் பேட்டரியை உறிஞ்சுவதால், கீ ஸ்விட்ச் இந்தத் தடையைத் தாண்டி முழு வோல்ட்டையும் நேராகக் காயிலுக்கு அனுப்பும். கீ ‘ரன்’ நிலைக்குத் திரும்பியதும் பாதை மறுபடி பீங்கான் வழியே. உள்ளே கம்பி அறுந்திருந்தால் அங்கேயே கதை முடிந்தது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜினும் பற்றுகிறது, ஆனாலும் கார் ஓடாது என்பதால் அனுபவமில்லாதவர்கள் பெட்ரோல் பம்பை மாற்றிப் பார்ப்பார்கள். விஷயம் தெரிந்த உரிமையாளர்கள் டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு புது பேலஸ்ட்டைப் போட்டே வைத்திருப்பது வழக்கம். கீ ஸ்விட்ச்சின் ‘ரன்’ தொடுமுனை தேய்ந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால் மாற்றுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது.

கிரைஸ்லர் 1973 மாடலிலிருந்து எலெக்ட்ரானிக் இக்னிஷனை எல்லா இன்ஜினுக்கும் கொடுத்தது. பாயின்ட் போனது, பேலஸ்ட் போகவில்லை.

ஸ்டார்ட்டரே அசையாவிட்டால் கியர் லிவரை ‘பார்க்’ நிலையிலிருந்து ‘நியூட்ரல்’ நிலைக்குத் தள்ளி மறுபடி முயல வேண்டும். அப்போது சுழன்றால் குற்றவாளி கியர்பாக்ஸில் திருகியிருக்கும் நியூட்ரல் ஸ்விட்ச், அல்லது லிவர் இணைப்பின் சரிக்கட்டல்.

அம்மீட்டர் வழியே ஓடும் கரண்ட்

வேலியன்ட் 1960இலேயே டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறியது. அமெரிக்காவில் சாதாரணக் காருக்கு அது முன்னோடி. ஆனால் டேஷ்போர்டு அம்மீட்டர் பழைய வழக்கப்படியே நின்றது. பேட்டரிக்குப் போகும் சார்ஜ் முழுவதும் தகட்டுச் சுவரிலுள்ள கனெக்டர் வழியே உள்ளே நுழைந்து, அம்மீட்டரைக் கடந்து, அதே கனெக்டர் வழியே வெளியேறி பேட்டரிக்குப் போக வேண்டும். அந்தக் கனெக்டரின் தட்டை முனைகள் மெல்லியவை. புதிதில் பரவாயில்லை. ஆண்டுகள் போய் முனையில் களிம்பு ஏறினால் தடை கூடும். தடை கூடினால் சூடு, சூடு கூடினால் மேலும் களிம்பு. கடைசியில் பிளாஸ்டிக் உருகி முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தீப்பிடித்த கார்களும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஹெட்லைட்டைப் போட்டு இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ வோல்ட் வீணாகிறது. ஓம் மீட்டர் இங்கே ஏமாற்றும். இருபது இழையில் ஒன்று மட்டும் மீந்த வயரையும் அது நல்ல வயர் என்றே சொல்லும். சுமை ஏற்றினால்தான் வயரின் யோக்கியதை தெரியும்.

நிலையான தீர்வு, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஃபியூசபிள் லிங்க் வைத்த தடித்த வயர் ஒன்றை நேராக இழுப்பது. அம்மீட்டர் முள் அதன்பின் பெரிதாக அசையாது. அந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதல்ல. ரெகுலேட்டரின் அடித்தகடு பாடியோடு எர்த் ஆகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அழகுக்காகச் சுவருக்குப் பெயின்ட் அடித்து அதன்மேல் ரெகுலேட்டரைத் திருகிய கார்களில் சார்ஜ் தாறுமாறாகும்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் செத்தாலோ, ஒரே நேரத்தில் கடைசிக்கு எகிறினாலோ இரண்டு மீட்டரையும் சந்தேகிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் சராசரி 5 வோல்ட் கொடுக்கும் சின்ன லிமிட்டர் ஒன்று இருக்கிறது, பழுது அதில்.

பெட்ரோல் வழி

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மூச்சு முட்டி நிற்கும். சற்று ஆறப்போட்டால் மறுபடி கிளம்பும். அப்படிப்பட்ட காரில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுக்க வேண்டும். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடி தவறானது. பழைய டேங்குகளுக்குக் காற்றுத் துளையுள்ள மூடி தேவை. ஆவி வெளியேறாமல் தடுக்கும் விதிகள் வந்தபிறகு செய்த கார்களுக்குத் துளையில்லாதது. இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தும். மூடி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் டேங்குக்குள் குழாய் முனையிலிருக்கும் வலையுறை. துரு அதில் படிந்துவிடும்.

இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகப் பழைய ரப்பர் குழாய்கள் செய்யப்படவில்லை. அவை உள்ளிருந்து மெதுவாகக் கரையும். டேங்க் முதல் பம்ப் வரை எல்லா ரப்பர் துண்டையும் ஒருசேர மாற்றுவதே புத்தி. பம்புக்கு முன்னுள்ள குழாயில் பொத்தல் விழுந்தால் வெளியே சொட்டாமல் காற்றைத்தான் இழுக்கும் என்பதால் அது கண்ணுக்குத் தப்பும்.

சாய்ந்த ஆறு சிலிண்டர்

‘ஸ்லான்ட் சிக்ஸ்’ என்று பெயர் பெற்ற இன்ஜின் வலப்பக்கம் 30 டிகிரி சாய்ந்திருக்கும். தாழ்வான பானெட்டுக்குள் அடங்கவும், சாய்வினால் கிடைத்த இடத்தில் நீண்ட குழாய்களுடைய இன்டேக் மேனிஃபோல்டை வைக்கவும் அந்த ஏற்பாடு. 170 கன அங்குலத்தில் தொடங்கி, பெரும்பாலும் 225 கன அங்குலத்தில், அதாவது 3.7 லிட்டரில் வந்தது. பற்றும் வரிசை 1-5-3-6-2-4.

இந்த இன்ஜினை ‘கெடாத இன்ஜின்’ என்பார்கள். அந்தப் புகழே அதற்குச் சத்துரு. யாரும் டப்பெட்டைத் தொடுவதில்லை. ஏ-பாடி காலம் முழுக்க இதற்குக் கையால் இடைவெளி வைக்கும் டப்பெட்தான். இன்ஜின் சூடாக இருக்கையில் இன்டேக்குக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்டுக்கு 0.020. சரியாக வைத்தால் தையல் மெஷின்போல் மெல்லிய ‘டிக்டிக்’ கேட்கும். அந்தச் சத்தம் பிடிக்காமல் இறுக்குபவர்கள் உண்டு. இறுக்கிய எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாது. சீட்டில் உட்கார்ந்து சூட்டை இறக்க நேரமில்லாமல் கருகும். சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996இல் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. கடும் சுமையில் ஓடும் பழைய வண்டிகளில் வால்வு சீட் அமிழ்ந்து இடைவெளி தானே குறைவதில் அந்தத் தடைக்கும் பங்குண்டு.

இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று போல்ட் போடப்பட்டவை. சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்கி, அவை நகர இடம் வேண்டும். அதனால்தான் நட்டுகளுக்கு வெறும் 10 அடி-பவுண்டு இறுக்கம். ஒழுகுகிறதே என்று பலத்தைக் காட்டினால் வார்ப்பு விரிசல் விடும். டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலுள்ள பற்சக்கரம் நைலான். பல் உதிர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் சொல்லாமல் நிற்கும்.

வண்டி சூடேறுகிறது, ரேடியேட்டர் புதிது, தெர்மோஸ்டாட் புதிது என்றால் பிளாக்கின் பின்பகுதியைப் பார்க்க வேண்டும். பல்லாண்டு வண்டல் அங்கே சேறாக இறுகியிருக்கும். கோர் பிளக்கைத் தட்டி எடுத்துக் கம்பியால் குத்தித்தான் வெளியேற்ற முடியும். கெமிக்கல் ஊற்றிக் கழுவுவது அதற்குப் போதாது.

கியர்பாக்ஸும் ஹவுசிங்கும்

டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் மட்டத்தை இன்ஜின் சூடாக ஓடும்போது நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குப் பழகியவர்கள் பார்க்கில் வைத்துப் பார்த்து ஏமாறுவார்கள். வாரக்கணக்கில் நிறுத்திய காரில் கியர் போட்டும் வண்டி சில விநாடி நகராமல் இருப்பது பெரும்பாலும் கோளாறல்ல. கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்திருக்கும். நியூட்ரலில் சற்று ஓடவிட்டால் நிரம்பிவிடும்.

உண்மையான ஆபத்து கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பியில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம் என்று அது கியர்பாக்ஸுக்குச் சொல்லும். அதற்கேற்பத்தான் உள்ளே எண்ணெய் அழுத்தம் ஏறும். வேறு கார்புரேட்டர் பொருத்தியவர் கம்பி எட்டவில்லை என்று அவிழ்த்துவிட்டுப் போயிருந்தால், கிளட்ச் தட்டுகள் வழுக்கி வழுக்கி எரிந்துபோகும்.

ரிவர்சிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ‘டங்’ என்றால் யூ-ஜாயின்ட். மெதுவாகப் போகையில் குருவி கத்துவதுபோல் கீச்சொலி வந்தால் அதன் பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. வேகம் எடுக்கும்போது ஒரு ஊளை, காலை எடுத்தால் வேறொரு ஊளை என்றால் பின் ஆக்சில் ஹவுசிங்கிலுள்ள கிரவுன் பினியன்.

பிரேக்கும் சக்கரமும்

1960களின் ஏ-பாடியில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமுறை மரையுள்ளவை. வலப்பக்கம் திருப்பினால்தான் அவிழும். தெரியாமல் நீளக் குழாய் மாட்டிப் பலம் கொடுத்து ஸ்டட்டை ஒடித்தவர்கள் ஏராளம். 1964 வரையிலான கார்களின் பின் டிரம் கூம்பு வடிவ ஆக்சிலில் இறுகியிருக்கும். புல்லர் இல்லாமல் வராது. புல்லர் மாட்டும்போது நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரையில் விட்டுவைக்க வேண்டும். டிரம் விடுபடும்போது குண்டுபோல் பாயும்.

1967க்கு முந்தைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறைச் சிலிண்டருக்கு மாற்றுவது அசல் தன்மையைக் கெடுக்கும் என்பவர்களின் வாதம் கண்காட்சிக் காருக்குப் பொருந்தலாம், சாலையில் ஓடும் காருக்குப் பொருந்தாது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்தபடியே இருந்தால் பிளீடரைத் திறந்து பார்க்கலாம்; சக்கரம் விடுபட்டால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்திருக்கிறது. பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.

துரு

இந்தக் கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் சட்டம். முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் நீளவாக்கில் ஓடும் முறுக்குத் தண்டுகள். அவற்றின் பின்முனை, முன்சீட்டுக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் பொருந்தியிருக்கும். வண்டியின் முன்பாரத்தை அந்த முறுக்குதான் தாங்குகிறது. கண்ணாடிக்கு முன்னுள்ள காற்று வழியில் இலையும் சருகும் அடைத்து, மழைநீர் உள்ளே ஒழுகி, கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கி, அந்தக் குறுக்குச் சட்டத்தைத்தான் கடைசியில் அரிக்கும். ஆகவே காரை வாங்கப் போகிறவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்குரூடிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். அங்கே ‘ணங்’ என்று கேட்காமல் ‘பொத்’ என்று கேட்டால், மேலே சொன்ன பழுது எதையும் தேட வேண்டிய வேலை அவருக்கு இல்லை.