எண்ணெய்க்கும் காற்றுக்கும் வழி தேடிய ஊர்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பேருந்தில் சென்றவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சன்னலைத் திறந்தால் முகத்தில் அறைவதுபோலக் காற்று வீசும். ஆனால் வயல்களுக்கு நடுவே நிற்கும் காற்றாலைகளில் சில மட்டும் அசையாமல் நிற்கும். என் வகுப்பு மாணவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வந்து, "காற்று இருக்கிறது, எந்திரம் இருக்கிறது. பிறகு ஏன் சார் ஓடவில்லை? பழுதா?" என்று கேட்டார். சில வேளைகளில் பழுதுதான். ஆனால் காற்றுப் பருவத்தில் வேறொரு காரணமும் உண்டு. உண்டாகும் மின்சாரம் முழுவதையும் அந்த நேரத்தில் ஏற்றுக்கொள்ள மின்தொடரில் இடம் இருக்காது. ஆலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கும்.

இந்த விடையை அவர் அவ்வளவாக நம்பவில்லை. இனாமாக வீசும் காற்றை யாராவது வேண்டாம் என்பார்களா என்பது அவர் கேள்வி. அவருக்குச் சொல்வதற்காக நான் தேடிப் படித்த ஓர் ஊரின் வரலாற்றையே இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், மேற்குப் பகுதியில், மக்கேமி என்று ஓர் ஊர் உள்ளது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1,887. சுற்றிலும் மெஸ்கீட் என்னும் முட்புதர். நம் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவினம். ஆங்காங்கே உச்சியைச் சீவி எடுத்தாற்போன்ற தட்டை மலைகள். ஆண்டு மழை 350 மில்லிமீட்டரை எட்டினால் அது நல்ல ஆண்டு. இந்த வெளியில் நின்று பார்த்தால் மூன்று வகை எந்திரங்கள் கண்ணில் படும்: ஆட்டுப் பண்ணையில் தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாடி, தலையை ஆட்டிக்கொண்டு எண்ணெய் இறைக்கும் இரும்பு ஏற்றம், மலை உச்சியில் வெள்ளைக் கோபுரங்களாக நிற்கும் மின் காற்றாலை. இம்மூன்றுமே மூன்று காலங்கள்.

தண்ணீர் இறைத்த காற்று

முதலில் வந்தது காற்றாடி. ஆறு குளம் இல்லாத இந்தப் புல்வெளிகளில் ஆடுமாடு வளர்க்க நிலத்தடி நீர் ஒன்றே வழி. 1882-83-இல் தாமஸ் பெர்ரி என்னும் பொறியாளர் காற்றாடிச் சக்கரங்களை வைத்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். மரப்பலகைக்குப் பதிலாக வளைந்த எஃகுத் தகடு வைத்தால் அதே காற்றில் மிகுதியான வேலை கிடைக்கும் என்று அவர் கண்டார். 1888-இல் ஏர்மோட்டார் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது, போட்டியாளர்கள் அதைக் "கணிதக் காற்றாடி" என்று கேலி செய்தனர். முதல் ஆண்டில் விற்றவை 45. 1892-இல் விற்றவை இருபதாயிரம். கணிதத்தைக் கேலி செய்தவர்களின் மரக் காற்றாடிகள் போன இடம் தெரியவில்லை.

இந்தக் காற்றாடியின் பல்சக்கரங்களுக்குத் தொடக்கத்தில் வாரந்தோறும் எண்ணெய் விடவேண்டும். வீட்டில் இளையவன் யாரோ அவனே ஏணியில் ஏறுவான். 1915-இல் பல்சக்கரங்களை எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே சுழலவிடும் அமைப்பு வந்தபிறகு, ஆண்டுக்கு ஒருமுறை ஏறினால் போதும் என்றாயிற்று. பண்ணை வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பொறியாளர்களை வாழ்த்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் காற்றாடிக்கு அனுப்பும் தொல்லையே கிடையாது. காற்று வீசும் இடமும், தண்ணீர் வேண்டிய இடமும் ஒன்றே. காற்று அடிக்காத நாளுக்கெனத் தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும். இந்த வசதி பின்னால் வந்த இரண்டுக்கும் வாய்க்கவில்லை.

தண்ணீரைவிட மலிந்த எண்ணெய்

1925-இல் ஜார்ஜ் மக்கேமி என்பவர் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. பக்கத்தில் சென்ற இருப்புப்பாதையில் சரக்கு இறக்கும் இடத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. சில மாதங்களில் கூடாரங்களும் பலகை வீடுகளுமாக ஓர் ஊர் முளைத்து, பத்தாயிரம் பேர் வரை குவிந்தனர் என்பார்கள். எண்ணெய் இருந்தது, வேலை இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. உள்ளூர் நீர் வாயில் வைக்க முடியாதது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆல்பைன் நகரிலிருந்து இரயிலில் நல்ல தண்ணீர் வந்தது. விலை பீப்பாய் ஒரு டாலர். ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். சில ஆண்டுகள் கழித்து, 1931-இல், டெக்ஸாஸின் கிழக்குப் பகுதியில் எண்ணெய் வெள்ளமாகப் பெருகியபோது அங்கே கச்சா எண்ணெய் பீப்பாய் பதினைந்து சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அந்த விலைக்கு மக்கேமியின் தண்ணீரில் ஆறில் ஒரு பங்குகூட வாங்கியிருக்க முடியாது.

எண்ணெய் ஏன் மலிந்தது? அதைக் கொண்டுபோக வழி போதாமையும் ஒரு காரணம். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மக்கேமிக்குத் தென்கிழக்கே இருக்கும் யேட்ஸ் எண்ணெய் வயல். ஐரா யேட்ஸ் என்பவர் ராங்கின் என்னும் ஊரிலிருந்த தம் கடையைக் கொடுத்து ஒரு பண்ணையை மாற்றாக வாங்கினார். அதன் வருமானம் வட்டிக்கும் வரிக்குமே போதவில்லை. 1926 அக்டோபரில் அந்த நிலத்தில் எண்ணெய் பீறிட்டது. 1929-இல் அங்கே ஒரு கிணறு மணிக்கு 8,528 பீப்பாய் வீதம் பொங்கியது. நம் ஊரில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் நூற்றுப் பத்துக்கு மேல் இருந்தால்தான் ஒரு மணி நேர எண்ணெயை அள்ள முடியும்!

இங்கேதான் சிக்கல். டெக்ஸாஸ் சட்டப்படி, தன் கிணற்றின் வழியே வெளிவந்த எண்ணெய் இறைத்தவனுக்கே சொந்தம். அது பக்கத்து நிலத்துக்கடியிலிருந்து கசிந்து வந்திருந்தாலும் கேள்வி இல்லை. ஆகவே நீ இறைக்குமுன் நான் இறைக்கவேண்டும் என்று ஆளுக்கு ஆள் போட்டி போடுவது வழக்கம். ஆனால் யேட்ஸ் வயலின் எண்ணெயை எடுத்துச் செல்லும் குழாய்கள் போதவில்லை. வேறு வழியின்றி 1927-இல் நிறுவனங்கள் கூடிப் பேசி, குழாயின் கொள்ளளவைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, அதற்கு மேல் இறைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டன. மறு ஆண்டு மாநில அரசின் ஆணையமே அப்பொறுப்பை ஏற்றது. கிணற்றுக்குப் பூட்டுப் போட்டது பூமியல்ல, குழாய்.

அனுப்ப வழியில்லை என்றால் சேமித்து வைக்கலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்தார்கள். மக்கேமியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடமேற்கே மோனஹான்ஸ் என்ற ஊரில் 1928-இல் ஷெல் நிறுவனம் பத்து இலட்சம் பீப்பாய் கொள்ளும் பெரிய காங்கிரீட் தொட்டியைக் கட்டி, மேலே மரக்கூரையும் போட்டது. தொட்டி கசிந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்கள். 1958 அக்டோபரில் ஒருவர் அதில் தண்ணீர் நிரப்பிப் படகு விளையாட்டுக்கான ஏரியாகத் திறந்தார். அந்த ஏரி ஒரு நாள்தான் இருந்தது. தண்ணீரும் கசிந்து போயிற்று. இன்று அவ்விடம் அருங்காட்சியகம்.

பொங்கிய காலம் ஓய்ந்ததும் மக்கேமியின் வாழ்க்கை அன்றாட நடைக்கு வந்தது. தானாகப் பீறிடும் அழுத்தம் குறைந்தபின் எண்ணெயை இறைத்தாக வேண்டும். தலையாட்டும் அந்த எந்திரம் நம் ஏற்றத்தின் உறவுக்காரன்தான். ஏற்ற மரத்தின்மேல் ஆள் முன்னும் பின்னும் நடந்து எடையை மாற்றுகிறான் அல்லவா? இங்கே ஆளுக்குப் பதில் இரும்பு எதிர்எடை சுழல்கிறது. கிணற்றுக்குள் தொங்கும் நீண்ட கம்பியின் பளுவை அது ஈடுகட்டுவதால் சிறிய மோட்டாரே போதுமானதாகிறது. ஒருவர் தினமும் வண்டியில் கிணறு கிணறாகச் சென்று, தொட்டியின் எண்ணெய் மட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு போவார். காற்றுத் திசை மாறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். எண்ணெயோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு அது. அதற்கு அந்தப் பக்கத்தார் வைத்திருக்கும் பெயர் பண வாசனை. பொழுதுபோக்குக்கும் குறைவில்லை: 1936-இல் மக்கேமியில் கிலுகிலுப்பைப் பாம்புகளை ஓடவிட்டுப் பந்தயமே நடத்தியிருக்கிறார்கள்!

மீண்டும் காற்று

காற்றில் கிடைக்கும் திறன் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பது மாணவர்கள் அறிந்ததே. வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தை 8 ஆக்கினாலே திறன் இரண்டேகால் மடங்குக்கு மேல் உயரும். தட்டை மலையின் உச்சிக்கு விலை வந்தது இதனால்தான். 1999-இல் மக்கேமி அருகே 75 மெகாவாட் காற்றாலைப் பண்ணை எழுந்தது. அதே ஆண்டு மாநிலச் சட்டம் ஒன்று, மின் விற்பனையாளர்கள் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஒரு பங்கு வாங்கவேண்டும் என்றது. 2001-இல் கிங் மலையின் மேல் மட்டும் 214 காற்றாலைகள், 278 மெகாவாட். அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் மக்கேமிக்கு "டெக்ஸாஸின் காற்றாற்றல் தலைநகர்" என்று பட்டம் சூட்டியது.

பண்ணைக்காரர் சிலருக்கு இதில் தனி மகிழ்ச்சி. அங்கே நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள எண்ணெய் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். எப்போதோ நிலத்தை விற்ற பாட்டனார் எண்ணெய் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டிருப்பார். எண்ணெய் உரிமைக்காரர் வேலைக்குத் தேவையான அளவு மேல்நிலத்தைப் பயன்படுத்தலாம். பண்ணைக்காரர் தடுக்க முடியாது. ஆக, தம் நிலத்தில் நாள் முழுதும் எண்ணெய் இறைவதைப் பார்த்துக்கொண்டே, அதில் ஒரு காசும் பெறாமல் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. காற்றோ மேற்பரப்போடு சேர்ந்தது. காற்றாலை வாடகை ஆடு மேய்ப்பவருக்கே வந்தது.

ஆனால் 1927-இன் கதை அப்படியே திரும்பியது. 2002 வாக்கில் மக்கேமி வட்டாரத்தில் நிறுவிய காற்றாலைகளின் திறன் ஏறத்தாழ 750 மெகாவாட். வெளியே செல்லும் மின்கம்பிகள் தாங்கக்கூடியதோ சுமார் 400 மெகாவாட். சில நூறு பண்ணைகளுக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குமாக இழுத்த கம்பிகள் அவை. டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு மின்சாரம் அனுப்ப அமைத்தவை அல்ல. கம்பியில் அளவுக்கு மேல் மின்னோட்டம் சென்றால் அது சூடேறித் தொய்யும். ஆகவே நல்ல காற்றில் ஆலைகளை நிறுத்தினார்கள். எண்ணெயாவது கசியும் தொட்டியில் சில நாள் இருக்கும். காற்று அந்தக் கணமே போய்விடும்.

இது கோழியா முட்டையா என்ற வழக்கு. கம்பி இல்லாத இடத்தில் ஆலை கட்ட யாரும் துணியமாட்டார்கள். ஆலை இல்லாத இடத்துக்குக் கம்பி இழுக்கவும் யாரும் முன்வரமாட்டார்கள். ஆலை ஓராண்டில் எழுந்துவிடும், கம்பிக்கு ஐந்தாறு ஆண்டு வேண்டும். 2005-இல் டெக்ஸாஸ் ஒரு சட்டம் இயற்றி, காற்று மிகுந்த வட்டாரங்களை அரசே குறித்து, ஆலை வருமுன்னே அங்கே கம்பி இழுப்பது என முடிவு செய்தது. குறித்த ஐந்து வட்டாரங்களில் மக்கேமியும் ஒன்று. 345 கிலோவோல்ட்டில் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் தொடர். அழுத்தத்தை உயர்த்தினால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும். வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் இருமடியில் குறையும் என்ற பாடம்தான் இங்கே பயன்பட்டது. பணி 2014-க்குள் முடிந்தது. செலவு கிட்டத்தட்ட 700 கோடி டாலர். 2009-இல் டெக்ஸாஸ் காற்று மின்சாரத்தில் சுமார் 17 சதவீதத்தை எடுக்க ஆளில்லாமல் நிறுத்தினார்கள். 2014-இல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்தது. இதை என் மாணவரிடம் காட்டியபோதுதான் அவர் முகம் தெளிந்தது.

இடையில் ஒரு விந்தையும் நடந்தது. கம்பி நெருக்கடி மிகுந்த இரவுகளில் மேற்கு டெக்ஸாஸில் மின்சார விலை சுழிக்குக் கீழே போயிற்று. எடுத்துக்கொள்பவருக்கு ஆலைக்காரரே பணம் கொடுத்தார். ஒவ்வொரு யூனிட்டுக்கும் மைய அரசின் வரிச்சலுகை இருந்ததால் அப்படியும் அவருக்குக் கட்டுபடியாயிற்று. இது காற்றுக்கு மட்டும் வந்த தலைவிதி அல்ல. பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியபின், கூடவே வெளிவரும் இயற்கை வாயுவைக் கொண்டுபோகக் குழாய் போதவில்லை. 2019-இலும், அதைவிட மிகுதியாக 2024-இலும், மேற்கு டெக்ஸாஸின் வாஹா சந்தையில் வாயுவின் விலையும் சுழிக்குக் கீழே இறங்கியது. மிஞ்சிய வாயுவைக் கிணற்றருகே கொளுத்துவதும் உண்டு. அந்தத் தீநாக்குகளும், காற்றாலை உச்சிகளில் ஒன்றுபோல மின்னி அணையும் சிவப்பு விளக்குகளும் அந்த வட்டாரத்து இரவின் அடையாளங்கள்.

இப்போது நிலைமை தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. தலையாட்டும் ஏற்றங்கள் பலவும் இன்று மின்மோட்டாரில் ஓடுகின்றன. அழுத்த எந்திரங்களும் மின்சாரத்துக்கு மாறுகின்றன. எண்ணெய் வயலே பெருந்தீனிக்காரனாகிவிட்டதால், காற்று மின்சாரத்தை ஏற்றுமதி செய்த அதே வட்டாரத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொண்டுவர 765 கிலோவோல்ட் தொடர் அமைக்க 2025 ஏப்ரலில் மாநில ஆணையம் ஒப்புதல் அளித்தது.

கதையைக் கேட்டு முடித்ததும் என் மாணவர் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தார். "அந்த 700 கோடி டாலரை யார் சார் கொடுத்தது, ஆலைக்காரரா?" இல்லை. அந்த மின்தொடரைச் சேர்ந்த நுகர்வோர் அனைவரின் மின்கட்டணத்திலும் அது பங்கிடப்பட்டது. மக்கேமிக்காரர் கட்டணத்திலும்தான்.