நால்வர் எழுதிய கடிதம்

நான் கோர்ட் வேலையில் சேர்ந்த புதிதில், பாலியல் வழக்கு என்றால் வராந்தா வரை கூட்டம் நிற்கும். சம்பந்தமே இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். கூண்டில் நிற்கும் பெண் தலையைத் தூக்க மாட்டாள். பத்திரிகைகள் 'கற்பழிப்பு' என்றே எழுதும். செய்தவனை விட்டுவிட்டு, அவள் எதையோ தொலைத்துவிட்டாள் என்று சொல்கிற சொல் அது.

இந்த நிலை மாறக் காரணம் மகாராஷ்டிரத்தில் நடந்த ஒரு வழக்கு. அதை அந்தப் பெண்ணின் பெயராலேயே சொல்வது வழக்கம். நான் சொல்லப் போவதில்லை. சட்டப் புத்தகத்தில் அது துக்காராம் வழக்கு.

1972 மார்ச் 26 இரவு. தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷன். பதினாறு வயதுகூட நிரம்பியிருக்காத பழங்குடிப் பெண். அண்ணன் கொடுத்த புகாருக்காக வந்தவளை, மற்றவர்களை அனுப்பிவிட்டு உள்ளே நிறுத்தினார்கள். வெளியே உறவினர்கள் காத்திருக்கும்போதே கொடுமை நடந்தது. செஷன்ஸ் கோர்ட் 1974இல் அவளைப் பொய்க்காரி என்று சொல்லி இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. நாகபுரி ஹைகோர்ட் கிளை 1976இல் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. உடம்பில் காயமில்லை, எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதம்! அமர்வின் மூவரில் நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன பி.எஸ்.கைலாசமும் ஒருவர்.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணிந்து போவது வேறு, சம்மதம் வேறு என்பதுதான் சாரம். ராத்திரியில், ஸ்டேஷனுக்குள், காக்கிச் சட்டைக்காரனை ஒரு சிறுமி எப்படி எதிர்ப்பாள்? கோர்ட் தீர்ப்பை இப்படி நேருக்கு நேர் கேட்க அந்தக் காலத்தில் தனித் துணிச்சல் வேண்டும். மறு வருஷம் பெண்கள் ஊர் ஊராகத் தெருவில் இறங்கினார்கள்.

1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று அவள் சொன்னால், சம்மதமில்லை என்றே கோர்ட் கொள்ள வேண்டும். விசாரணை மூடிய அறையில். பெயரை வெளியிட்டால் தண்டனை. கூட்டத்தை டவாலி வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திய பிறகு சாட்சி சொல்லும் குரலே வேறு மாதிரி இருந்ததை நான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அவள் நடத்தையைக் கிளறி எதிர்த்தரப்பு கேள்வி கேட்க இடம் கொடுத்த சாட்சியச் சட்ட விதி போக 2003 வரை ஆயிற்று.

புதுச் சட்டம் பழைய குற்றத்துக்குப் பொருந்தாது. அந்த இரண்டு போலீஸ்காரர்களின் விடுதலை அப்படியே நின்றது.