ஆறு நாளில் ஐந்து ஜயம்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல. முட்டை வடிவமான ஒரு பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான். எதிர்க் கட்சியார் பதினொரு பேரும் அவன்மேல் விழுந்து அவனைத் தரையில் சாய்ப்பார்கள். இதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். உதைப்பதும் உண்டு, ஆனால் எப்போதாவதுதான்.

நான் சொல்லப் போகிற 1899-ம் வருஷத்தில் இந்த ஆட்டம் இப்போதையதைவிட முரட்டுத்தனமாக இருந்தது. மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். பந்தை முன்புறமாக எறிய அனுமதி கிடையாது. அந்த அனுமதி 1906-ல்தான் வந்தது. அதுவும், வருஷந்தோறும் மைதானத்தில் பிள்ளைகள் செத்து விழுவதைக் கண்டு ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்டே தலையிட்ட பிறகு. ஆகவே 1899-ல் ஆட்டம் என்றால் ஒரே தள்ளு முள்ளு. தலைக் கவசம் வேண்டும் என்று விதி இல்லை. அடிபட்டு வெளியே வந்தவன் அந்தப் பந்தயத்தில் மறுபடி இறங்கக் கூடாது. ஆகையால் மூக்கில் ரத்தம் வழிந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே நிற்பார்கள்.

டென்னஸி ராஜ்யத்தில், சுமார் 2000 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே சுவானி என்று ஓர் ஊர். அங்கே எபிஸ்கோபல் சபையார் நடத்தும் கலாசாலை ஒன்று இருக்கிறது. பெயர் மட்டும் பெரிது: 'தெற்கத்திச் சர்வகலாசாலை'. 1857-ல் திட்டமிட்டார்கள், 1860-ல் மூலைக்கல் நாட்டினார்கள், உள்நாட்டு யுத்தத்தில் வடக்கத்திச் சிப்பாய்கள் அந்தக் கல்லை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஸ்தாபகர்களில் முக்கியமானவர் லியோனிடஸ் போல்க் என்ற பிஷப். நூற்றுக்கணக்கான அடிமைகளுக்குச் சொந்தக்காரர். யுத்தம் வந்ததும் ஜெனரலாகி, 1864-ல் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். யுத்தம் முடிந்தபின் 1868-ல் ஒன்பது மாணவர்களோடு கலாசாலை திறந்தது. பணத்துக்கு இங்கிலாந்துப் பாதிரிமாரிடம் போய்க் கை நீட்டினார்கள். படிக்கிற பிள்ளைகள் ஆக்ஸ்ஃபோர்டு பாணியில் கறுப்பு அங்கி தரித்து வகுப்புக்குப் போனார்கள். இதையெல்லாம் சொல்லக் காரணம், நம் கதாநாயகர்கள் எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர்கள் என்பது தெரிய வேண்டும்: தோற்றுப்போன ஒரு சமூகத்தின் பிள்ளைகள், பணம் குறைவு, கௌரவம் அதிகம். நீக்ரோப் பையன் ஒருவன் அந்த வாசலில் கால் வைப்பதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

தெற்கு ராஜ்யங்களின் கலாசாலைகள் சில 1894-ல் கூடி, விளையாட்டுகளுக்குச் சட்ட திட்டம் வகுத்து, ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. சுவானியும் அதில் ஆரம்ப அங்கத்தினர். சங்கத்தில் அதற்குப் பெரிய வைரி, பக்கத்திலேயே நாஷ்வில்லில் இருந்த வாண்டர்பில்ட் சர்வகலாசாலை. இந்த இருவரும் மோதினால் கூட்டம் அலைமோதும். டிக்கெட் பணம் குவியும். அந்தப் பணத்தைப் பங்கிடுவதில் தகராறு மூண்டு, 1899-ல் அந்தப் பந்தயமே நின்றுவிட்டது. சுவானியின் ஆட்டக் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்தது.

அந்த ஓட்டையை அடைக்க வந்தவன் லூக் லீ. கோஷ்டியின் மானேஜர், ஆனால் அவனும் மாணவன்தான். வயது இருபது. மலையை விட்டு இறங்கி நீளமாக ஒரு சுற்று வந்தால், ஒவ்வொரு ஊரிலும் இவ்வளவு தொகை என்று பேசி வாங்கலாம் என்று கணக்குப் போட்டான். நாள் அதிகமானால் ஹோட்டல் செலவு கூடும். ஆகவே நாளைச் சுருக்கினான். இரவெல்லாம் ரயில், பகலெல்லாம் ஆட்டம். பின்னால் வீர காவியமாகிவிட்ட இந்த யாத்திரை, ஆதியில் ஒரு வரவு செலவுத் திட்டம்!

பில்லி சூட்டர் என்பவர் பயிற்சியாளர். ஹென்றி ஸைபல்ஸ் காப்டன். எல்லாருமாக இருபது பேர் அளவில் புறப்பட்டார்கள். வெளியூர்த் தண்ணீரை நம்பாமல், தங்கள் மலை ஊற்று நீரைப் பீப்பாய்களில் ஏற்றிக்கொண்டார்களாம். அவ்வளவு முன்யோசனைக்காரர்கள் ஆட்டச் செருப்புகளை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டதாகவும், வழியில் லீ அதைக் கண்டுபிடித்துத் தந்தி கொடுத்து அடுத்த ரயிலில் வரவழைத்ததாகவும் ஒரு கதை உண்டு. ஒரு மானேஜரின் மனசு அந்த ஸ்டேஷனில் என்ன பாடுபட்டிருக்கும்!

நவம்பர் 9-ம் தேதி வியாழக்கிழமை, ஆஸ்டின் நகரில் டெக்ஸாஸ் சர்வகலாசாலை: 12-0. வெள்ளிக்கிழமை ஹூஸ்டனில் டெக்ஸாஸ் விவசாயக் கலாசாலை: 10-0. இரவு ரயில். சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டூலேன்: 23-0. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, பாதிரிக் கலாசாலை அல்லவா! திங்கட்கிழமை பாட்டன் ரூஜில் லூயிஸியானா: 34-0. மறுபடி இரவு ரயில். செவ்வாய்க்கிழமை மெம்ஃபிஸில் மிஸிஸிபி: 12-0.

ஆறு நாளில் ஐந்து பந்தயம். ஏறக்குறைய 2500 மைல் பிரயாணம். இவர்கள் எடுத்தது 91 பாயிண்டு, கொடுத்தது பூஜ்யம்.

அன்றைய டெக்ஸாஸும் லூயிஸியானாவும் இன்றைய ராட்சதர்கள் அல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவையும் சின்ன இடங்கள்தான். ஆட்டமும் அங்கே அப்போதுதான் வேர் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே எறும்பு யானையை வென்றது என்று சொல்ல மாட்டேன். எறும்பு ஐந்து எறும்புகளை வென்றது. ஆனால் முந்தின நாள் பட்ட காயம் ஆறுவதற்கு முன், ரயில் பெட்டியின் ஆட்டத்தில் அரைகுறையாகத் தூங்கி எழுந்து, அதே ஆட்கள் மறுநாளும் மைதானத்தில் நின்றார்கள் என்பதை எந்தக் கணக்கும் குறைத்துவிட முடியாது.

என்னைக் கேட்டால், அந்தப் பருவத்தின் ரஸமான பந்தயம் இந்த ஐந்தில் எதுவும் இல்லை. நவம்பர் 30-ம் தேதி மான்ட்கமெரி நகரில் ஆபர்ன் கலாசாலையோடு நடந்ததுதான். ஆபர்னின் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இவர் பெயரால்தான் இன்றும் கலாசாலை ஆட்டக்காரர்களில் சிறந்தவனுக்கு வருஷந்தோறும் பரிசு தருகிறார்கள். ஆட்டம் இல்லாத மாதங்களில் நாடக மேடையில் வேஷம் கட்டிய மனிதர். அவருடைய பிள்ளைகள் சுவானியை நன்றாகத் திணற அடித்தார்கள். முடிவு 11-10. சுவானி தப்பிப் பிழைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். மத்தியஸ்தர்கள் அநியாயம் செய்துவிட்டார்கள் என்று ஹைஸ்மன் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். அந்த வருஷம் முழுவதிலும் சுவானிக்கு எதிராக எடுக்கப்பட்ட பாயிண்டுகள் இந்தப் பத்து மட்டுமே. இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என்று ஜயித்தார்கள். மொத்தம் 12 பந்தயம், 12 ஜயம், 322-க்கு 10.

லூக் லீயின் பின்கதையை நான் கற்பனையாக எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். அவன் நாஷ்வில்லில் பத்திரிகை ஆரம்பித்தான். 1911-ல், முப்பத்திரண்டு வயது நிறையுமுன், அமெரிக்க ஸெனட்டில் உட்கார்ந்தான். முதல் உலக யுத்தத்தில் கர்னல் ஆனான். யுத்தம் முடிந்து ஜெர்மன் கெய்ஸர் ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்தபோது, 1919 ஜனவரியில் சில தோழர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, கெய்ஸரைப் பிடித்து வரக் கிளம்பிவிட்டான்! அமெரோங்கன் கோட்டைக்குள் வரவேற்பறை வரை போயும் விட்டார்கள். கெய்ஸர் வெளியே வரவில்லை. சிப்பாய்கள் கோட்டையைச் சூழ்ந்தார்கள். ஒரு தோழர் சுருட்டுச் சாம்பல் கிண்ணம் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான் மிச்சம். ராணுவம் கண்டித்துவிட்டு விட்டது. பிற்பாடு வட கரோலினாவில் ஒரு பாங்கி முறிந்ததில் மோசடி வழக்கு, 1934-ல் சிறை. இரண்டு வருஷம் கழித்து வெளியே வந்தான், 1937-ல் மன்னிப்பும் கிடைத்தது, 1945-ல் காலமானான். இருபது வயதில் ரயில் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை வளைக்கப் பார்த்த அதே புத்திதான், கோட்டை வாசலுக்கும் சிறை வாசலுக்கும் அவனை அழைத்துப் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

கலாசாலையின் பின்கதை வேறு மாதிரி. மற்றவை வளர்ந்தன. ராஜ்யப் பணம் வந்தது, பெரிய பெரிய ஸ்டேடியம் எழுந்தது, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மாதிரியே உதவித் தொகை கொடுக்கத் தொடங்கினார்கள். சுவானி அதே சில நூறு பிள்ளைகளோடு மலைமேல் இருந்தது. 1932-ல் தென்கிழக்குச் சங்கம் என்று புதிதாக ஒன்று உருவானபோது, பழைய பெருமையை நினைத்து இவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எட்டு வருஷத்தில் அந்தச் சங்கத்துக்குள் ஆடியது 37 பந்தயம். தோற்றது 37.

1938-ல் கலாசாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற அலெக்ஸாண்டர் கெர்ரி, அந்த ஊரிலேயே படித்தவர். ஆட்டத்துக்காகப் பிள்ளைகளை விலை கொடுத்து வாங்குவது கலாசாலையின் வேலை அல்ல என்பது அவர் கட்சி. 1940 டிசம்பரில் சுவானி சங்கத்தை விட்டு விலகியது. பன்னிரண்டு ஜயங்களைக் காட்டிலும் இந்த ஒரு விலகலுக்குத்தான் அதிகத் தைரியம் வேண்டியிருந்திருக்கும். ஊரெல்லாம் கிழவர்கள் 1899-ஐப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது, தோல்வியை ஒப்புக்கொண்டு வாசலைச் சாத்துவது லேசான காரியமா?

யுத்தம் முடிந்து 1946-ல் மறுபடி ஆடத் தொடங்கினார்கள், உதவித் தொகை இல்லாமல், தங்களைப் போன்ற சின்னக் கலாசாலைகளோடு. 1958-ல் ஒரு பந்தயமும் தோற்கவில்லை. 1963-லும் தோற்கவில்லை. நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸ், அங்கே படித்த தம் பாட்டனாரின் நினைவாகத் தம் நாடகங்களின் உரிமையை அந்தக் கலாசாலைக்கே எழுதி வைத்துவிட்டு 1983-ல் இறந்தார். ஆகவே இப்போது சுவானியின் கஜானாவுக்கு மேடையிலிருந்து பணம் வருகிறது; மைதானத்திலிருந்து அல்ல. சனிக்கிழமைகளில் அங்கே பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிற பையன்கள் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறார்கள், சிலர் அந்தக் கறுப்பு அங்கியோடு.