பல்கலைக்கழக வாயிலும் திருகோணமலை மாணவரும்

கல்வி தேடிப் பிறநாடு செல்வோரை வாயிலில் நிறுத்தி வினாவும் வழக்கம் இக்காலத்திலே தோன்றியதன்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் நாளந்தாவிற் பயின்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அப்பெருங்கழகத்து வாயில் காப்போரைப் பற்றிக் குறித்துள்ளார். பிறநாடுகளினின்று வந்து அங்கு நிகழும் வாதங்களிற் கலந்துகொள்ள விழைந்தோரை அவர்கள் அரிய வினாக்களாற் சோதித்தனர். பத்துப் பேருள் ஏழெட்டுப் பேர் விடையிறுக்கமாட்டாது திரும்பினர். சோதனை கடியதே. ஆயினும் அதன்கண் ஒரு நேர்மை இருந்தது. இன்ன நாட்டான் என்பது பற்றி எவனும் திருப்பப்பட்டிலன். கற்றது போதாமை பற்றியே திருப்பப்பட்டான்.

அதே 7ஆம் நூற்றாண்டிலேதான் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடினார். கடல் சூழ்ந்த அம்மலையின் அடியிலே அமைந்த இயற்கைத் துறைமுகம் உலகிலுள்ள சிறந்த துறைமுகங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது. பல நாட்டு மரக்கலங்களுக்கும் இடமளித்த இத்துறை, தன் மைந்தருக்கு உயர்கல்வி அளித்தற்குரிய கழகம் ஒன்றை அண்மைக் காலம்வரை பெற்றிலது. ஆகவே திருகோணமலை மாணவர் நெடுங்காலம் பிறர் கழக வாயில்களிலே நின்றனர். அவ்வாயில்களில் அவர்முன் மூன்று வினாக்கள் எழுந்தன. யாது கற்றாய் என்பது முதலாவது. எம்மொழியிற் கற்றாய் என்பது இரண்டாவது. நீ யார், எவ்விடத்தாய் என்பது மூன்றாவது. இம்மூன்றும் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தன என்பதை ஆராயின், இந்நகரத்துக் கல்வி வரலாற்றின் பெரும்பகுதி விளங்கும்.

முதற்கண் கருதத்தக்கது சென்னை வாயில். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினர். அதன்பின் சில ஆண்டுகள் இலங்கையின் கரையோரப் பகுதிகள் சென்னையிலிருந்த கம்பெனியாரின் ஆட்சியிலே இருந்தன. 1802இல் இலங்கை முடிக்குரிய தனிக் குடியேற்ற நாடாயிற்று. ஆட்சி பிரிந்ததேயன்றி மொழியும் சமயமும் வாணிகமும் பிரிந்தில. எனவே, 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அது ஈழத்துத் தமிழருக்குச் சட்டப்படி வேற்று நாட்டுக் கழகமாயினும், உளப்படி அவ்வாறு தோன்றவில்லை.

அப்பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது. இஃது ஊன்றி நோக்கத்தக்க செய்தி. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகமாகிய ஒக்ஸ்போட்டிலே 1854 வரை, சேரும்போதே ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும் என்னும் கட்டாயம் இருந்தது. 1836இற் பட்டயம் பெற்ற இலண்டன் பல்கலைக்கழகமோ சமயச் சோதனை எதனையும் வைத்திலது. அம்முறையைப் பின்பற்றிய சென்னையும் மாணவனின் சமயத்தை வினாவவில்லை. பிறப்பிடத்தையும் தடையாகக் கொள்ளவில்லை. மற்றிக்குலேசன் என்னும் பிரவேசப் பரீட்சையில் ஆங்கிலமும் வேறொரு மொழியும் கணிதமும் சரித்திரமும் பூமிசாத்திரமும் அறிந்தவன் எனக் காட்டுவோனுக்குக் கதவு திறந்தது.

அக்கதவின் வழியே முதலிற் புகுந்து வெளிவந்தோர் யார் என்பது தமிழுலகம் நன்கறிந்ததே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் 1823இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர்கள். அங்குக் கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே பயிற்றப்பட்டன. விசுவநாதபிள்ளை 1855இலேயே பீசகணிதத்தைத் தமிழில் நூலாக வெளியிட்டவர். செமினரி 1855இல் மூடப்பட்டது. இரண்டாண்டு கழித்துச் சென்னைக் கழகம் தோன்றியபோது, அதன் வாயில் வினாக்களுக்குரிய விடை இவர்களிடம் முன்னரே இருந்தது. பிறநாட்டிலிருந்து வந்த இருவரே ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டதாரி வரிசையைத் தொடங்கிவைத்தனர். அவ்வாறு புகவிட்டதனாற் சென்னைக்கு விளைந்த ஊதியம் சிறிதன்று. தாமோதரம்பிள்ளை பின்னாளில் தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றித் தமிழ்நாட்டுக்கே அளித்தார்.

திருகோணமலையும் இவ்வழியிற் பின்தங்கவில்லை. இந்நகரிற் பிறந்த சகோதரர் இருவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் சென்னை சென்று தமிழுக்குத் தொண்டாற்றினர். மூத்தவர் த. கனகசுந்தரம்பிள்ளை. 1863இற் பிறந்த இவர் சென்னையிற் பி.ஏ. பட்டம் பெற்றுத் தமிழாராய்ச்சியிலும் ஏட்டுப் பதிப்பிலும் ஈடுபட்டார். புலவர் வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படும் தமிழ் நாவலர் சரிதை இவரது பதிப்பாக 1921இல் வெளிவந்தது. இளையவர் த. சரவணமுத்துப்பிள்ளை. சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்திற் பணியாற்றிய இவர், 1895இல் மோகனாங்கி என்னும் நாவலை வெளியிட்டார். தஞ்சை, மதுரை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட அதுவே தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுகின்றது. தஞ்சையின் கதையைத் தமிழ்நாட்டாருக்கு நாவலாக்கி வழங்கியவர் திருகோணமலையார் என்பது நினைந்து மகிழத்தக்கது. சென்னைக் கழகமும் கல்லூரியும் பிறப்பிடம் வினாவி வாயிலை அடைத்திருப்பின் இவ்விரு நூல்களும் இவ்வாறு வெளிப்பட்டிரா.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு வசதியும் உண்டாயிற்று. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகள் சில கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டமையால், மாணவர் கடல் கடவாமலே இந்தியப் பரீட்சைகளுக்குத் தோற்றும் வாய்ப்புப் பெற்றனர். ஆனால் கேர்சன் பிரபுவின் காலத்தில், 1904இல், இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அதிகாரமும் வரையறுத்த நிலப்பரப்புக்குள் அடங்கல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. இணைந்த கல்லூரிகளை நேரிற் சோதித்துத் தரம் பேணுதல் அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் அதன் விளைவாக இலங்கைக் கல்லூரிகளின் இணைப்பு அற்றது. வாயிலில் மூன்றாவது வினா எழுந்த முதற் சந்தர்ப்பம் இதுவே எனலாம். மாணவனின் கல்வியிற் குறைவு நேர்ந்திலது. அவன் இருந்த இடமே எல்லைக்குப் புறம்பாயிற்று.

ஆகவே மாணவரின் நோக்கு மேற்றிசையைச் சார்ந்தது. கேம்பிறிட்ச், இலண்டன் பரீட்சைகள் 1880களிலேயே இலங்கையில் நடைபெறத் தொடங்கியிருந்தன. அதற்கு முன்னரே அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்றோரும் உளர். 1870இல் அவ்வாறு கேம்பிறிட்சுக்குச் சென்றவர் பொன்னம்பலம் அருணாசலம். அவர் அங்கிருந்த 1871ஆம் ஆண்டிலேயே, பழைய பல்கலைக்கழகங்களில் எஞ்சியிருந்த சமயச் சோதனைகளுட் பெரும்பாலானவை சட்டத்தினால் நீக்கப்பட்டன. சமயத் தடை நீங்கினும் மொழித் தடை நின்றது. கேம்பிறிட்சிற் கட்டாயக் கிரேக்கம் 1919வரையும், ஒக்ஸ்போட்டில் 1920வரையும் நிலவின. இலத்தீனோ அதன் பின்னரும் நெடுங்காலம் வேண்டப்பட்டது. தொல்காப்பியம் கற்றவனேயாயினும் அயலார் தொன்மொழி ஒன்றையும் கற்றே அவ்வாயிலை அடைய வேண்டியிருந்தது.

இலண்டன் பல்கலைக்கழகம் மட்டும், கல்லூரி வாழ்க்கையின்றித் தனித்துக் கற்றோரும் பரீட்சை எழுதிப் பட்டம் பெற இடமளித்தது. பின்னர் விபுலானந்த அடிகள் என விளங்கிய காரைதீவு மயில்வாகனனார் 1916இல் இலண்டன் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றது இவ்வழியினாலேயே. ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே பௌதிக சாத்திரம் பயின்ற அவர், பிற்காலத்தில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கும் துணைநின்றார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் கிளர்ச்சி 1906 முதல் அருணாசலம் முதலியோரால் நடத்தப்பட்டது. அதன் பயனாக 1921இற் கொழும்பிற் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும் அது மாணவரை இலண்டன் பட்டத்துக்கே ஆயத்தஞ் செய்தது. 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் உருப்பெற்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தமையால் கட்டணத் தடையும் தளர்ந்தது. 1960 முதல் கலைப்பிரிவு மாணவர் தமிழிலும் சிங்களத்திலும் பயிலத் தொடங்கினர். அங்ஙனம் தாய்மொழியே வாயில் மொழியானது பெருவெற்றி. ஆனால் அதனோடு ஓர் இடரும் உடன்வந்தது. எம்மொழியிற் கற்றாய் என்பது, நீ எவ்வினத்தாய் என்பதற்கு ஈடாகி நின்றது.

அவ்விடர் 1971இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மருத்துவத் துறைக்குப் புகுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த புள்ளி, 400க்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250 என்றும் சிங்களமொழி மாணவருக்கு 229 என்றும் அமைந்தது. தரப்படுத்தல் எனப் பெயர்பெற்ற இம்முறை தமிழ் இளைஞர் உள்ளத்தில் ஆறாப் புண்ணை உண்டாக்கிற்று. 1974இல் மாவட்டப் பங்கீடும் புகுத்தப்பட்டது. தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் வாயிலிலேயே மாணவன் அயலானைப் போல நிற்க நேர்ந்த காலம் அது. வசதி படைத்தோர் இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் சென்றனர்; ஏனையோர் ஏமாற்றத்தோடு எஞ்சினர். நாட்டின் பிற்கால அவலங்களை ஆராய்வோர் எவரும் இவ்வாயிலைக் கடந்து செல்லுதல் இயலாது.

எனினும் நடுநிலையில் நின்று நோக்குவோர் மற்றொன்றையும் மறைத்தலாகாது. மொழிவாரித் தரப்படுத்தல் வேறு. மாவட்டப் பங்கீடு வேறு. மூதூரிலும் குச்சவெளியிலும் வெருகலிலும் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் அரியவாயிருக்க, தலைநகர்ப் பெருங்கல்லூரி மாணவனோடு அவ்வூர்ப் பிள்ளையை ஒரே தட்டில் நிறுத்தல் நீதியாகாது. இன்று நிலவும் முறையில், கலைத்துறை முதலிய சில நீங்கலாக, 40 வீதம் நாடளாவிய தகுதிக்கும், 55 வீதம் மாவட்ட மக்கட்டொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. அப்பதினாறனுள் திருகோணமலையும் ஒன்று, யாழ்ப்பாணமும் ஒன்று. ஆகவே, எவ்விடத்தாய் என்னும் வினா எப்போதும் தீயதன்று. மாணவனின் குறையை அறிந்து கைகொடுத்தற்குக் கேட்கப்படின் அஃது அறம்; அவனை விலக்குதற்குக் கேட்கப்படின் அஃது அநீதி. இரண்டையும் பிரித்தறிவதே கல்வி ஆள்வோர் கடன்.

கடலுக்கப்பாலுள்ள வாயில்களும் இதற்கிடையே மாறின. இந்தியப் பல்கலைக்கழகங்கள் 1925இல் அமைத்த இடைப்பல்கலைக்கழக மன்றம், ஒரு காலத்தில் இந்தியாவோடு இலங்கையையும் தன் பெயரிலே தாங்கியிருந்தது. 1973இல் அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் எனப் பெயர் மாறிற்று. இந்தியாவிற் பயில விரும்பிய பிறநாட்டு மாணவரின் சான்றிதழ்களை இந்தியத் தகுதியோடு ஒப்புநோக்கி ஈடு காணும் பணியை அச்சங்கம் ஆற்றி வந்தது. 1983இன் பின் அகதிகளாய்த் தமிழகம் புகுந்த ஈழத்து மாணவருக்கு அங்குள்ள தொழிற்கல்லூரிகளிற் சில இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991இல் அவ்வாயில் அடைபட்டது. சில ஆண்டுகள் கழிந்தே மீண்டும் திறந்தது. தாமோதரம்பிள்ளை காலத்தில் ஒரு பரீட்சையே போதியதாயிருந்தது. இன்றோ ஈட்டுச் சான்றிதழ், கடவுச்சீட்டு, மாணவர் விசா, பணவசதிச் சான்று எனப் பத்திரங்கள் பல வேண்டப்படுகின்றன. மேலைநாடு செல்வோருக்கு 1964இல் தோன்றிய டோஃபல், அதன் பின்வந்த ஐ.ஈ.எல்.ரி.எஸ். முதலிய ஆங்கிலத் தேர்வுகளும் உள. கிரேக்கமும் இலத்தீனும் நின்ற இடத்தில் இன்று ஆங்கிலம் நிற்கின்றது.

இவ்வரலாற்றின் இறுதியில் நிலைமை தலைகீழானமை கருதற்பாலது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாய் வளர்ந்த நிறுவனத்தின் வளாகம் ஒன்று, 2001இல் திருகோணமலைக்குக் கிடைத்தது. நிலாவெளிக் கரையை அடுத்த கோணேசபுரியிலே அவ்வளாகம் இன்று இயங்குகின்றது. ஆங்குச் சித்த மருத்துவமும் கணினி விஞ்ஞானமும் பயிற்றப்படுகின்றன. தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் பல மாவட்டங்களினின்றும் அங்கு வந்து கற்கின்றனர். பிறநாட்டு மாணவரும் உயர்தரத்துக்கு ஈடான தகுதி காட்டி இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சேர்தற்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தனிவழி வகுத்துள்ளது. சித்த மருத்துவம் பயில விழையும் அயல்நாட்டு மாணவன் ஒருவன் நாளை அவ்வாயிலில் வந்து நிற்றல் கூடும். பிறர் வாயிலில் நெடுங்காலம் நின்ற ஊர் தானே வாயில் காப்போனாகும் முறை வந்துவிட்டது.

அப்போது அவ்வாயிலில் எழும் வினா யாதாதல் வேண்டும்? சென்னை 1857இற் கேட்ட வினாவே ஈழத்தார் இருவரை உயர்த்தியது. அவ்விருவருள் ஒருவர் பழந்தமிழ் நூல்களை மீட்டுத் தந்தார். 1904இலும் 1971இலும் எழுந்த வினாக்கள் பலரைப் புறந்தள்ளின. அவரால் விளைந்திருக்கக்கூடிய நூல்களும் நற்பணிகளும் எவை என எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. வருவோனின் கல்வியைச் சோதிக்க; அவன் குறையை அறிந்து துணைபுரிக; அவன் பிறப்பைக் காரணமாக்கிக் கதவடையாதிருக்க. திருகோணமலை தன் மைந்தருக்காகப் பிறரிடம் வேண்டி நின்றது இதுவே. அதனைப் பிறர் மைந்தருக்கு வழங்குதலும் அதன் கடனாகும்.