சந்தியும் துவிச்சக்கர வண்டியும்: கொழும்பு வீதிச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

கொழும்பின் போக்குவரத்து வரலாறு பெரும்பாலும் புகையிரதம், திறாம், பஸ் ஆகியவற்றின் வரலாறாகவே சொல்லப்படுகின்றது. தொழிலாளியும் எழுதுவினைஞனும் மாணவனும் பல்லாண்டு ஏறிச்சென்ற துவிச்சக்கர வண்டி அதில் அடிக்குறிப்பளவிலேயே நிற்கின்றது. சட்டமும் அதனை ஏறக்குறைய அவ்வாறே நடத்திற்று.

மோட்டார் அல்லாத வண்டிகளுக்கு 1916ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க வண்டிகள் கட்டளைச் சட்டம் இருந்தது. மோட்டார் வாகனங்களுக்கோ 1938இலும் 1951இலும் விரிவான தனிச் சட்டங்கள் எழுந்தன. துவிச்சக்கர வண்டிக்காரனைப் பொலிஸார் மறித்ததெல்லாம் பெரும்பாலும் இரவில் விளக்கின்மை, இருவர் ஏறிச்செல்லல், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதித் தகடின்மை ஆகிய குற்றங்களுக்கே. உயிராபத்து மிகுந்த இடமோ சந்தி. அங்கே அவன் எங்கே நிற்பது, எவ்வாறு திரும்புவது என்பதில் எவரும் அத்துணை அக்கறை காட்டினாரல்லர்.

கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வழியில் 1899 முதல் 1960 வரை ஓடிய மின்சாரத் திறாம் இதற்கோர் எடுத்துக்காட்டு. தண்டவாளப் பள்ளத்தின் அகலம் ஒடுங்கிய சில்லு விழுவதற்குப் போதுமானது. ஆகவே அதனை ஏறக்குறையச் செங்கோணமாகவே கடக்கவேண்டும். அதன்பொருட்டு ஓட்டுபவன் சற்று விலகி வளைந்தால், பின்வரும் லொறிக்காரனுக்கு அது ஒழுங்கற்ற ஓட்டமாகவே தோன்றும். துறைமுகத்துக்குச் சரக்கேற்றிய மாட்டுவண்டிகளும் அவ்வழிகளில் நெருங்கின என்பதையும் மறத்தலாகாது.

வெள்ளவத்தையின் இடர் வேறுவகையானது. காலி வீதியில் தெகிவளைப் பக்கமிருந்து வருபவனுக்கு இடப்புறம் கடல், வலப்புறம் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. இடது ஓரமாகச் செல்வது விதி. அம்மாவத்தைக்குத் திரும்பவோ அவ்வோரத்தை விட்டு, கையை நீட்டிக்காட்டி, வீதி நடுவுக்கு வந்து, எதிர்வரும் வாகனங்கள் ஓயும்வரை காத்துநிற்றல் வேண்டும். ஒரு கையால் கைபிடியைத் தாங்கியவாறு பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்ப்பது எளிதன்று. இதனால் அனுபவமுள்ளோர் பலர் இறங்கி, மஞ்சட் கடவையில் வண்டியை உருட்டிச் சென்றனர். சற்றுமுன் வாகனமாயிருந்தவன் பாதசாரியாகி உயிர் தப்பினான்!

1958இல் பஸ் சேவை முழுவதும் அரசுடைமையாயிற்று. 1977இன் திறந்த பொருளாதாரத்துடன் இறக்குமதி வாகனங்கள் பெருகின. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. பிரயாணிகளுக்காகப் போட்டியிட்ட பஸ்கள் தரிப்பிடத்தை நோக்கி இடப்புறம் வெட்டின. துவிச்சக்கர வண்டிக்குரிய ஓரமும் இவ்வாறு பறிபோயிற்று.

யாழ்ப்பாணத்திலோ 1990 முதல் நிலவிய எரிபொருள் தடையினால் துவிச்சக்கர வண்டியே வீதியை ஆண்டது. அங்கிருந்து வெள்ளவத்தைக்கு வந்து குடியேறியோருட் பலர், சமிக்ஞை விளக்கில்லாச் சந்திகளை நிதானத்தினாலும் மணியொலியினாலும் கடந்து பழகியவர்கள். அப்பழக்கம் காலி வீதியிற் பயன்படவில்லை.

மோட்டாருக்கென வகுத்த விதி மிதிப்பவனுக்கும் அப்படியே பொருந்துமா என்ற வினா பிறநாடுகளிலும் எழுந்துள்ளது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982இல், நிறுத்தற் பலகையை வழிவிடும் பலகையாகக் கொள்ளத் துவிச்சக்கர வண்டிக்காரரை அனுமதித்தது. 2005இல் செவ்விளக்கிலும் நின்று பார்த்துச் செல்ல இடமளித்தது. மனிதர் அடர்ந்த கொழும்புக்கு இதனை அப்படியே பெயர்த்தெடுப்பது விவேகமாகாது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிற்போல, நிறுத்தற் கோட்டுக்கு முன்னால் அவர்களுக்கெனச் சிறிது இடம் ஒதுக்குவதே ஏற்புடையது. அவ்வாறாயின் பச்சை விளக்கு எரியும்போது அவர்கள் பஸ் சாரதியின் கண்ணெதிரே நிற்பர். இடப்புறம் திரும்பும் பஸ்ஸின் பக்கத்தில் மறைந்து நசுங்கமாட்டார்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிற் கந்தோர் உத்தியோகத்தரும் மிதிக்கத் தலைப்பட்டனர். தனி ஒழுங்கைகள் பற்றிய பேச்சும் எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் முறைப்படி எரிபொருட் பங்கீடு தொடங்கி வரிசைகள் குறைந்தபின், அவர்களுட் பலர் மோட்டாருக்கே மீண்டனர். மீன் விற்பவரும் லொத்தர்ச் சீட்டு விற்பவரும் முன்போலவே சந்தியில் இறங்கி, வண்டியை உருட்டிக் கடந்தனர்.